எந்திர மனிதன் எந்த இயக்கம்?

கூட்டம் நடத்துவது, சனம் உட்காரக் கதிரை இரவல் வாங்கிப் பகை தேடுகிற தொழில். கூலி உயர்வு, குத்தகைக் கொடுமை என்று வாவியின் இரு கரையிலும் தொண்டை கிழியக் கத்தியவன் நான். யுத்தம் வந்ததும் அந்தப் பேச்செல்லாம் ஆபத்தாயிற்று. கதைப் புத்தகம் பற்றிப் பேசினால் யார் தடுப்பார் என்று இரண்டு விஞ்ஞான நாவல்களைக் கையில் எடுத்தேன். கூட்டம் போட்டு அடிபட்ட உங்களுக்குத் தெரியும், யார் யார் தடுப்பார் என்று.

அனுமதி

பழுகாமத்தில் கூட்டம். இராணுவ முகாமில் அனுமதி கேட்டுப் போய் விளக்கினேன். முதல் நாவலில் ஒரு விஞ்ஞானி சுரங்க வேலைக்காகக் கண்ணாடித் தொட்டியில் மனிதர்களை வளர்க்கிறார். பெயர் வைக்காமல் இலக்கம் குத்துகிறார். மற்றதில் யுத்தத்துக்கென்று செய்த எந்திர மனிதன், தன்னைச் செய்தவர்கள் செத்தபின் ஒவ்வொருவரையும் பெயர் எழுதிப் புதைக்கிறான். இதில் யார் மனிதன் என்பதே பேச்சு. அதிகாரி யோசித்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் சொன்னார்: "அந்த எந்திர மனிசன் எந்த இயக்கம் எண்டு சேர் கேக்கிறார்."

அட்டைப் படம்

எப்படியோ அனுமதி கிடைத்தது. இரண்டாவது நாவலைப் பற்றிப் பேச இருந்தவன், உழவு இயந்திரம் திருத்தும் செல்வராசா. கூட்டத்துக்கு முதல்நாள் சுற்றிவளைப்பில் அகப்பட்டான். பையில் புத்தகம், அட்டையில் நெஞ்சு திறந்து வயர் தெரிய நிற்கும் எந்திர மனிதன். குண்டு செய்யப் படிக்கிறான் என்று கொண்டுபோனார்கள். வாசிக்கத் தெரியாதவன் கையில் துவக்கு இருந்தால் அட்டைப் படமே சாட்சி!

அவனுடைய தாய் பரிமளத்தோடு முகாம் வாசலுக்குப் போனேன். இதுவும் அதுபோல ஒரு கதைதான், பாருங்கள் என்று முதல் நாவலை நீட்டினேன். அதையும் பறித்துக்கொண்டார்கள். பெயர் தேவையில்லை, மகனுடைய அடையாள அட்டை இலக்கத்தைச் சொல் என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் சண்டைக்கு வாயெடுத்தேன். பரிமளம் முந்திக்கொண்டாள்: "நான் இலக்கத்தப் பெறல்ல, தம்பி. செல்வராசா எண்டு கூப்பிட்டுப் பாருங்க, வருவான்."

இரண்டாவது விசாரணை

வந்தான், முதுகெல்லாம் தழும்போடு. புத்தகங்கள் வரவில்லை. தள்ளிப்போட்ட கூட்டத்தை நான் விடவில்லை. செல்வராசா புத்தகமில்லாமலே பேசினான். சுடச் சொன்னபோது அந்த எந்திரம் 'ஏன்' என்று கேட்டதாம்; அந்த இடத்தில்தான் அது மனிதனாயிற்று என்றான். சனம் கைதட்டியது.

கைதட்டாமல் நின்றவர் ஒருவர், ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் பொறுப்பாளர். கூட்டம் முடிந்ததும் செல்வராசாவை மறித்தார். ஆமி உன்னைச் சும்மா விடுமா, யாரைக் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்டார். இவர்களுக்காகவும் துண்டுப்பிரசுரம் எழுதிய கை இது! ஒரு முதுகுக்கு எத்தனை விசாரணை என்று நான் சத்தம்போட்டேன். பரிமளம் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். நாளைக்குத் தங்கள் முகாமுக்கு வரட்டும் என்றுவிட்டு, போகும்போது பொறுப்பாளர் திரும்பிச் சொன்னார்: "ஏன் எண்டு கேக்கிற மிசினால எங்களுக்கு என்ன பிரயோசனம், அம்மா?"

துறையில்

விடிந்ததும் தாயே மகனைத் தோணியில் ஏற்றினாள். கொழும்புக்குப் போய், அங்கிருந்து அரபு நாட்டுக்கு. புத்தகம் வாசித்த பேச்சாளன் ஒருவனை இரண்டு முகாம்களும் சேர்ந்து துரத்திவிட்டன. தோணி தள்ளும்போது அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அங்கயும் இலக்கம்தான் தருவானுகள், அண்ணன். கடிதத்தில என்ட பேர முழுசா எழுதச் சொல்லுங்க அம்மாட்ட."

அந்த இரண்டு நாவல்களும் முகாமிலிருந்து கடைசிவரை விடுதலையாகவில்லை; ஒருவராவது அவற்றைப் பிரித்து வாசித்திருந்தால், இரண்டு பக்கத்திலும் முகாம்களுக்கு ஆள் போதாமல் போயிருக்கும்.