கோட்டு இல்லாத டாக்டர்

எங்கள் தொழிலில், நோயாளியை நாம் சோதிப்பதற்கு முன்பே நோயாளி நம்மைச் சோதித்துவிடுவார். வெள்ளைக் கோட்டின் நீளக் கை படுக்கைக்குப் படுக்கை கிருமியைக் கொண்டுபோகிறது என்று கேள்விப்பட்டு, அதைக் கழற்றிவிட்டு அரைக்கை நீலச் சட்டைக்கு மாறிய சக டாக்டர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் நானும் அப்படித்தான் மாறினேன், பட்டேன்.

மீன் முள்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். முள் குத்தி உள்ளங்கை வீங்கியிருந்தது. சீழை எடுத்தேன், கட்டுப் போட்டேன், மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மனிதர் முனகக்கூட இல்லை; என் சட்டையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. இன்னும் என்ன அண்ணே என்றேன்.

"எல்லாம் நல்லாச் செஞ்சீங்க சிஸ்டர். டாக்டரு எப்ப வருவாரு?"

கோட்டுக்காரர்

ஒருநாள் வார்டில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். மூச்சுத்திணறலோடு படுத்திருந்த பெரியவரின் மகனிடம், "இங்கிட்டு வச்சிருந்தா சரிப்படாது, எனக்குத் தெரிஞ்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனும் துணிமணியைப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டார். ஆக்சிஜனை எடுத்தால் பெரியவர் வாசலைத் தாண்ட மாட்டார்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டேன். கோட்டுக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி படியிறங்கிப் போனார். ஆள் திரும்பவே இல்லை. தனியார் மருத்துவமனைக்கு ஆள்பிடிக்க வந்த தரகர் என்று பிறகு தெரிந்தது. பெரியவர் தேறி நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த நேரத்தில் மகன் பாய்ந்தது என்மேல்தான்.

"வந்த டாக்டரை வெரட்டிப்புட்டியளே, நீங்க யாருங்க?"

வாசலில்

எதற்கு வம்பு என்று மறுநாள் பழைய கோட்டைத் துவைத்து, தேய்த்து, மாட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். நான் டாக்டர் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"கோட்டுப் போட்டு வர்ற ஆளைத்தாம்மா விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

பாம்புக்கடி

கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாம்பு கடித்து, ஆலங்குடிப் பக்கமிருந்து அவள் கணவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாசல் வம்புக்குப் பிறகு நான் மறுபடி நீலச் சட்டைக்கே திரும்பியிருந்தேன். நான் விஷமுறிவு மருந்தை ஏற்றப் போனதும் குறுக்கே வந்து நின்றுகொண்டார். "பெரிய டாக்டர் வரட்டும். நீங்க தொடாதீங்க." அவள் இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"என்னை நம்ப வேணாம். அவங்களைக் கண்ணைத் தொறக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திறக்கப் பார்த்தாள்; இமை எழவில்லை. அவர் சுவரோரம் ஒதுங்கி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். மருந்தை ஏற்றினேன்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் வந்து கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. அப்போதும் என் சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒங்களாலதான் பொழச்சா. இருந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டிருந்தீங்கன்னா, நான் அம்புட்டுப் பயந்திருக்க மாட்டேன்மா."

இப்போதெல்லாம் என்னைச் சந்தேகப்படாமல் நாக்கை நீட்டும் நோயாளி யாராவது வந்தால், எனக்கே அவர்மேல் லேசாகச் சந்தேகம் வந்துவிடுகிறது.