சோலைமலையின் ஆயிரம் எம்பி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கணக்கென்று யார் எதை நீட்டினாலும் பெருக்கலையும் வகுத்தலையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி போட்டுவிடுவேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்ற திமிர்தான், வேறென்ன? அந்தத் திமிரால் சோலைமலை அண்ணனுக்கு நான் செய்ததை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கொட்டகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே இருபத்திரண்டு வருடம் தராசில் கொழுந்து நிறுத்தவர் சோலைமலை. ஈரம் என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கிலோ எடையில் வெட்டுவது தராசுக்காரர்களின் வழக்கம். இவர் கொழுந்தை அள்ளி உதறிப் பார்த்துத்தான் வெட்டுவார். நியாயமாகக் கழித்ததற்கு மேல் கால் கிலோ கழிக்கச் சொன்னாலும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவோடு சண்டைக்கு நிற்பார். அதனாலேயே துரைமாருக்கு அவரைப் பிடிக்காது, எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு, 2008இல், கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக்கு அடுத்த அறையில் ஒரு மடிக்கணினியையும் இணையத்துக்கு ஒரு டொங்கிளையும் வைத்துவிட்டுப் போனது. வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் இருபது வீட்டுப் பெண்பிள்ளைகள் குவைத்திலும் லெபனானிலும் வீட்டுவேலை செய்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் இந்த ஏற்பாடு. பொறுப்பாக யாரைப் போடலாம் என்று கேட்டபோது எல்லோரும் சோலைமலையைத்தான் கை காட்டினார்கள். ஹட்டனில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார்.

மாதத்துக்கு ஆயிரம் எம்பி. இணையத்தில் படம், குரல், கடிதம் எல்லாவற்றையும் அளக்கிற படி அதுதான். தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிவரை இணைப்பு வராது. மேலே கேட்டு வாங்கவும் முடியாது, ஒப்பந்தம் அப்படி.

அண்ணனுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்காவுக்கு வயிற்றில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே மகள் பூரணி குவைத்துக்குப் போய் நாலு வருடம். போனில் குரல் கேட்டதோடு சரி. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்காரர்கள் வெளியே போகும்போது, அங்கிருந்த கணினியில் ஒரு மணி நேரம் பேச அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆகஸ்டில் அது இருபத்தொன்பதாம் தேதி. சாவதற்குள் மகள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அக்கா வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலைக் கடைசியில் அண்ணன் கணக்கு எழுதிய கொப்பியோடு என்னிடம் வந்தார்.

"சார், இத ஒருக்கா பாருங்க. கம்பெனிக்காரன் வேகத்த பிட்டுல சொல்றான், அளவ பைட்டுல புடிக்கிறான். எட்டு பிட்டு ஒரு பைட்டு, எட்டால வகுக்காட்டி நாம மோசம் போயிருவோம்."

அவர் போட்டிருந்த கணக்கு இது: படம் வருவது நொடிக்கு நூற்றிருபத்தெட்டு கிலோபிட். எட்டால் வகுத்தால் பதினாறு கிலோபைட். அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. ஆக, ஆயிரம் எம்பிக்கு ஆயிரம் நிமிடம். வீட்டுக்கு முப்பது நிமிடமாக இருபது வீட்டுக்கு அறுநூறு. கடிதம் அனுப்ப நூறு. மிச்சம் முந்நூறு.

"அந்த முந்நூறு எதுக்கு அண்ணே சும்மா கெடக்குது?"

"மழைக்கு சிக்னல் அந்து அந்து வரும், சார். கடைசி வெள்ளிக்கி அவளுக்கு கொறஞ்சிறக் கூடாது."

அழகான கணக்கு. நான் சிவப்புப் பேனாவால் சரி போட்டேன்! கீழே கையெழுத்து வேறு போட்டேன்.

ஆகஸ்ட் பிறந்ததும் அறையில் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. மூக்கன் மட்டும் தன் மகளோடு இன்னும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"முப்பதுன்னா முப்பதுதான். ஒன் மகளுக்கு ஒரு தராசு, என் மகளுக்கு ஒரு தராசா?" என்றார் அண்ணன்.

"போய்யா, ஒன் தராசும் நீயும்" என்று மூக்கன் எழுந்து போனார்.

இருபத்தெட்டாம் தேதிக்குள் பதினைந்து வீட்டார் பேசி முடித்திருந்தார்கள். கொப்பியில் நானூற்றைம்பதுக்கு மேல் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்நேரம் கணினியை லயத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். அக்காவுக்கு முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்து, சுவரில் தலையணை கொடுத்து உட்கார்த்தியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார், பாவி மனுசி. ஆனாலும் அன்றைக்கு முகத்தில் ஒரு களை.

கணினியில் மணி அடித்தது. படம் வந்தது. கறுப்புத் துணியால் தலையை இறுக மூடிய ஒரு பெண்.

"அம்மா!"

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். "யாருங்க இது? முஸ்லிம் புள்ளையா இருக்கே. எங்க நம்ம பூரணி?"

"அவதான் புள்ள. அங்க அப்பிடித்தான் மூடிக்கணும். நல்லா பாரு" என்றார் அண்ணன்.

"இன்னும் கிட்ட கொண்டாங்க..."

அவர் கிட்டே கொண்டுபோனார். படம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது.

டொங்கிளைக் கழற்றி மாட்டினோம். வாசலுக்குக் கொண்டுபோனோம், மேட்டில் ஏறிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் இணையக் கம்பெனிக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கேட்டேன். ஆயிரமும் முடிந்துவிட்டது என்றான். எப்படி முடியும் என்று கத்தினேன். வருவதும் போவதும் இரண்டும் சேர்த்துத்தான் ஆயிரம் என்று அவன் நிதானமாகச் சொன்னான்.

அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பக்கத்து முகம் இங்கே வரும்போது நம் முகமும் அங்கே போகிறது. நாம் வந்ததை மட்டும் எண்ணியிருக்கிறோம். நிமிடத்துக்கு ஒன்றல்ல, இரண்டு.

அவர் கொப்பியைத் திறந்து பார்த்தார். "லொறி கொழுந்த ஏத்திக்கிட்டு எறங்குது, நிறுக்கிறோம். திரும்பி மேல வாற வெறுஞ்சாக்க எவனாச்சும் நிறுப்பானா, சார்?"

அவர் தராசுக்காரர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு எங்கே போயிற்று புத்தி? பெருக்கல் சரி, வகுத்தல் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தானே! இதுவரை போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று காட்டுகிற இடம் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை முழுக்க அக்கா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அது பூரணிதானாங்க? மெய்யாவே அவதானா?" அண்ணன் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றார். அக்கா நம்பினாரா இல்லையா என்று தெரியாது. ஞாயிறு காலையில் உயிர் போய்விட்டது.

திங்கட்கிழமை, செப்டம்பர் ஒன்றாம் தேதி. இணைப்பு வந்துவிட்டது, புது ஆயிரம் எம்பியோடு. சாவுச் செய்தி கேட்டு குவைத்தில் அந்த வீட்டுக்காரி கணினியைத் திறந்துவிட்டாளாம். இரண்டு வாரம் முந்தித் திறந்துவிட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாள்?

வெளியே தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சோலைமலை அண்ணன் கணினியை இரண்டு கையாலும் ஏந்தி, மனைவி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பூரணி பெருங்குரலெடுத்து அழுதாள். அவர் அழவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"பூரணி, ஒன் பக்கத்துப் படத்த நிப்பாட்டிக்கம்மா. நீ பாத்தா போதும்."

"ஏன்ப்பா?"

"ஒன்னைய பாக்க அவ இல்லையேம்மா."

அவள் நிறுத்தவில்லை. சவப்பெட்டியை மூடும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.