வேணும் என்று எழுதாத கடிதங்கள்

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசு காலம் முழுக்க நான் திண்டுக்கல்லில் இருந்தேன் என்று சொன்னால் அதில் பாதி பொய். உடம்பு மட்டும் பெண்கள் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்று தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருக்கும். மனசு இங்கிலாந்தில், நான் பார்த்தே இராத ஒரு மழைத் தெருவில், குடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அம்புக்குறி போட மறந்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து எங்கள் ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன். அங்கே பூச்சிகளை ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் இருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மொட்டைத் துளைக்கிற புழுவைப் பற்றி நான் எழுதி அனுப்பியது அவருக்குப் பிடித்துப்போயிற்று. முடிவு வரும்வரை அவரோடு கடிதப் போக்குவரத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள் என்று நான் படித்த கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அப்பப்போ தலையைக் காட்டிக்கொண்டே இரு என்று அம்மா அதையே தன் பாஷையில் சொன்னாள்.

இன்னொரு பக்கம் மாப்பிள்ளை. வத்தலக்குண்டுக்காரர், ரயில்வேயில் உத்தியோகம். விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசிப்பதாகப் பேச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் ஊரறியச் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. அதற்குள் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தால் படிப்பு, வராவிட்டால் ரயில்வே. சம்மதமா என்று அம்மா கேட்டபோது, அப்பா இஷ்டம் என்றேன். நல்ல பெண் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன், மண்டு.

அப்பா தலைமையாசிரியர். பெரிய இடங்களுக்கு எழுதிப் பழகிய இங்கிலீஷ் அவருடையது. என் கடிதங்களை முதலில் பென்சிலில் எழுதி அவரிடம் கொடுப்பேன். கேள்விக்குறி இருக்கிற வரியாகப் பார்த்து அடிப்பார். என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். “பெரிய மனுசர்கிட்ட நாமளா கேக்கப்படாது தாயி, அவராத்தான் சொல்லணும்” என்று அதையும் அடித்தார். இங்கே வர உங்களுக்கு விருப்பமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். அதை நாங்கள் இருவருமே மரியாதைக்குக் கேட்டது என்று எடுத்துக்கொண்டோம். வந்தவரைச் சாப்பிட்டுப் போங்கள் என்பதில்லையா, முதல் தடவையிலேயே யார் உட்கார்ந்துவிடுகிறார்கள்? எல்லாம் தங்கள் சித்தப்படியே என்று அப்பா முடித்துக் கொடுத்தார். நான் அழகாகப் பிரதி எடுத்தேன். அவர் மறுபடி கேட்டபோதும் அதே வரிதான் போயிற்று.

கேள்விகள் போனபின் மிச்சமிருந்த இடத்தை மல்லிகை நிரப்பியது. சனிக்கிழமைகளில் புழு விழுந்த மொட்டு சேகரிக்க நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். விடிந்தும் விடியாமலும் தோட்டத்தில் பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஈரத்துணி போர்த்திய கூடைகளோடு பஸ்ஸில் திரும்பும்போது வாசனையில் கண் சொக்கும். தூரத்தில் கொடைக்கானல் மலை நீலமாய்க் கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து தொடங்குகிறது என்று ஒரு எண்ணம் எனக்கு, பூகோளம் படித்தவள்தான் நான். அங்கே இப்போது பேராசிரியர் தூங்கிக்கொண்டிருப்பார், என் கடிதம் அவர் மேஜைமேல் இருக்கும் என்று கணக்குப் போட்டபடியே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். இதையெல்லாம், அவர் தூங்குவதாகக் கணக்குப் போட்டதைத் தவிர, அவருக்கு எழுதினேன். அப்பா அந்த வரிகளில் கை வைக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை மத்தியானம் அவருடைய கடிதம் வந்தது. என் கடிதங்களைத் தன் மனைவிக்கும் வாசித்துக்காட்டுவதாகவும், அந்தத் தோட்டங்கள் தங்கள் இருவருக்கும் இப்போது நன்றாகப் பழகிவிட்டன என்றும் எழுதியிருந்தார். அதன் கீழே இன்னொரு பத்தி. வர விரும்புகிறீர்களா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன், நீங்கள் ஒரு முறையும் பதில் சொல்லவில்லை. மனமில்லாதவரை வற்புறுத்த நான் விரும்பவில்லை. இந்த மாதக் கடைசியில் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறேன்.

எனக்கு அப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய்க் கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். அவர் வாய் திறப்பதற்குள், “எனக்குப் போகணும்ப்பா. இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “இத நீ எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே தாயி. ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அத்தனை கோபமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் சொன்னது நிஜம். கடல் தாண்டி இருந்தவருக்கு நான் என்ன செய்தேனோ அதையேதான் ஒரே வீட்டில் இருந்தவருக்கும் செய்திருந்தேன்.

இரண்டு பேரும் வெயிலில் தந்தியாபீசுக்கு நடந்தோம். வர விரும்புகிறேன் என்று படிவத்தில் நானே எழுதினேன், அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடம் இருக்கிறது, வாருங்கள் என்ற பதில் சனிக்கிழமைதான் வந்தது. அப்பா அதற்காகக் காத்திருக்கவில்லை. தந்தி கொடுத்த கையோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தவரிடம், அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று அம்மா கேட்டாள்.

“அவளுக்கு இஷ்டமில்ல, நான்தான் கேக்காம இருந்துட்டேன்னு சொன்னேன்” என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனார்.