தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஒரு பிடி தவிடு கொடுத்து நான் ஒரு பிள்ளையை வாங்கியிருக்கிறேன். பதுளையில், ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் அறை வாசலில், நல்ல வெயில் நேரத்தில், நாலு பேர் பார்க்க நடந்த வியாபாரம் அது. தவிட்டைக் கொண்டுவந்ததும் விற்ற பகுதிதான். பிள்ளையின் தகப்பன் ஹாலிஎலப் பக்கத்து நெல்லு மில்லில் கேட்டு வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துவந்து என் கையில் தந்தான். நான் அதைத் தாயின் மடியில் கொட்டினேன். அவள் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இனிமே அது ஒங்க புள்ளைங்க மிஸ்ஸி" என்றாள். விற்கிறவளே விலையையும் தந்து அனுப்புகிற வியாபாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கூட வேலை செய்த தாதிமார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் வழக்கம். பிள்ளையைக் கொண்டுபோக வருகிற எமனுக்கோ பேய்க்கோ இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று காட்டுகிற உபாயம். ஆபத்து நீங்கியபின் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாய்க்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. கொழுந்து பறிக்கிறவள், என்னைவிட வயதில் நன்றாக இளையவள். மூன்றாவதும் காலத்துக்கு முந்திப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தது. பெண் குழந்தை. வாங்குவதற்கு அவள் ஏன் என்னைத் தேர்ந்தாள் என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தான் யாருமே இல்லைங்களே" என்றாள். எமன் பொறாமைப்பட்டுப் பிடுங்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாள் போலும். சரியாகத்தான் சொன்னாள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. தொண்ணூறுகளில் தாதியாகப் பதுளைக்கு வந்தவள்; தோட்டத்துச் சனங்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸி. யுத்தத்தால் ஊருக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. ஐயாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து எங்கே இருக்கிறார்கள் என்பதே பல மாதங்களுக்கு ஒருமுறைதான் யார் வாயிலாகவாவது தெரியவரும். குவார்ட்டர்ஸ் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சன்னலுக்கு வெளியே தேயிலை மலை. மழைக்காலத்தில் அந்த மலையும் இராது. கல்யாணப் பேச்சு வந்து வந்து, பிறகு வராமலே நின்றுபோயிருந்தது. விடுமுறை நாட்களில் வாய் திறக்க அவசியமே இல்லாமல் பொழுது போனதுண்டு. வேலைக்குப் போனால்தான் என் குரல் எனக்குக் கேட்கும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு நோவு தெரியாது என்றுதான் வெகுகாலம் நாங்கள் நம்பியிருந்தோம். அவை சத்தம் போடுவதில்லை. அதனால் வந்த நம்பிக்கை. புதிதாக வந்த குழந்தை வைத்தியர்தான், "சத்தத்தைக் கேட்காதேங்கோ, முகத்தைப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். இரத்தம் எடுக்கக் குதிகாலில் ஊசி படும்போது புருவம் நெரிந்து, வாய் சதுரமாகத் திறந்து, விரல்கள் விசிறி மாதிரி விரிகின்றன. அழுகை முழுதாக இருக்கிறது. குரல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒருமுறை கண்டபின் அதைக் காணாதது போல இருக்க முடியாது. அந்த வயதுக்கு மருந்தை வாரி இறைக்கவும் முடியாது. ஆகவே கையால் ஆனதைச் செய்யச் சொன்னார். ஊசிக்கு முன் தாய்ப்பாலில் ஒரு துளி நாக்கில் வைப்பது. வெளிச்சம் கண்ணில் படாமல் துணியால் மறைப்பது. ஒருவர் குத்த, இன்னொருவர் ஒரு கையால் தலையையும் மறு கையால் மடக்கிய கால்களையும் பொத்திப் பிடித்திருப்பது. வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த மாதிரி. ஊசியை எடுத்தவுடன் கையை எடுத்துவிடக் கூடாது. பிள்ளை தளர்ந்து ஓயும்வரை அப்படியே நிற்க வேண்டும்.

தவிட்டுப் பிள்ளையைப் பொத்திப் பிடிக்கிற ஆள் நான். வாங்கியவள் நான்தானே என்று மற்றவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி, பெட்டிக்குள் விட்டதும் அதன் மூச்சு மாறும். குதிகால் என் உள்ளங்கையில் முட்டும். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், ஊரில் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியை அதற்குச் சொல்லத் தொடங்கினேன். சந்தி, வாசிகசாலை, கிணறு, வேலி, படலை. அது கேட்டுக்கொண்டு கிடக்கும். எனக்கு அந்தப் பிள்ளை மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது?

தாய் மட்டும் கிட்ட வரவே மாட்டாள். தாய்மார் விடுதியில் தங்கிப் பாலைப் பீய்ச்சிச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து, வாசலில் என் கையில் தந்துவிட்டு, "ஒங்க புள்ள எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒரு சொட்டுச் சிந்த மாட்டாள். ஆனால் பெட்டிப் பக்கம் கண்ணைத் திருப்பவும் மாட்டாள். வழக்கத்தில் அப்படியொன்றும் கட்டாயம் இல்லை. விற்ற பிள்ளையைத் தாயே வைத்து வளர்ப்பதுதான் எங்கும் நடப்பது. சூடு கண்ட பூனை அவள். விற்றதென்றால் முழுதாக விற்றதுதான் என்று நின்றாள். அவள் வராதது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு பிள்ளைக்குச் சேலைன் ஏற்றுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. ஒருநாள் புது நரம்பு தேடிக் குத்தும்போது, நான் பிடித்திருக்கப் பிடித்திருக்கவே உதடு நீலம் பாரித்து, உடம்பு துவண்டுபோனது. டொக்டர் ஊசியை எடுத்துவிட்டார். மூச்சு திரும்பியதும், "இதுக்குக் கை மட்டும் காணாது. தாயின்ரை நெஞ்சில போடுங்கோ. தோலோடை தோல்பட்டுக் கிடந்தால்தான் இது தாங்கும்" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ரெண்டையும் நெஞ்சுல போட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன். ரெண்டும் அங்கனயே குளுந்து போச்சு. இதயாச்சும் விட்டுருங்க மிஸ்ஸி. என்னுதுன்னு தெரிஞ்சா எடுத்துரும்ங்க." மூடநம்பிக்கை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வைத்திருந்த கணக்கு அவளளவில் சரி. அந்தக் கணக்குக்குள் நின்றுதான் கதைக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, அது ஆரின்ரை பிள்ளை?"

"ஒங்க புள்ளைங்க."

"அப்ப நான் வேலைக்குப் போற ஆள். என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது? உங்கடை தோட்டத்தில மலைக்குப் போறவை பிள்ளையளை எங்கை விட்டிட்டுப் போறவை?"

"புள்ளமடுவத்துல."

"அங்கை ஆயா தூக்கி வைச்சிருந்தால் பிள்ளை ஆயாவின்ரை ஆகிடுமோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆகாதுங்க."

"பிறகென்ன? நீங்கள்தான் என்ரை பிள்ளைக்கு ஆயா. வாங்கோ."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வந்தாள். நாற்காலியில் சாய்ந்து சட்டையைத் தளர்த்தினாள். பிள்ளையை நெஞ்சில் கிடத்திச் சேலையால் மூடினேன். "மிஸ்ஸியோட புள்ள, மிஸ்ஸியோட புள்ள" என்று எமனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே அவள் அதை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் சொல்வது நின்றுவிட்டது. குனிந்து, முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடிப்பதற்கு இனி என் கை தேவைப்படவில்லை. ஆகவே, சோதனைக்கு இரத்தம் எடுக்கிற ஊசி என் கைக்கு வந்தது. சேலைக்கு வெளியே தெரிந்த அந்தக் குதிகாலில், அதுவரை நான் பொத்தி வைத்திருந்த அதே குதிகாலில், குத்தினேன். புருவம் சற்று நெரிந்தது. விரல்கள் விரியப் பார்த்து, தாயின் தோலைப் பற்றிக்கொண்டு அடங்கின. அவ்வளவுதான். என்னிடம் அது ஒருநாளும் அவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை. அன்று குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, சாப்பிடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

பிள்ளை தேறியது. அழுகைக்குக் குரலும் வந்தது. வீட்டுக்குப் போகிற நாளில் தாய் என் காலைத் தொடக் குனிய, நான் தடுத்தேன். "ஒங்க புள்ளைய வளத்து வைக்கிறேங்க மிஸ்ஸி. கதிர்காமத்துல முடியெறக்கிட்டு, நேரா இங்க வந்து திருப்பி வாங்கிக்கிறோம்" என்றாள். பஸ் தரிப்பிடம்வரை கூடப் போனேன். அவர்கள் வரவேயில்லை. கேட்டுப் பார்த்ததில், குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். பாதை திறந்த காலத்தில் நானும் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் வந்து தேடினார்களோ தெரியாது. வராமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை நான் நினைப்பதில்லை.

ஐயாவும் அம்மாவும் போய், இந்த வீட்டில் இப்போது நான் மட்டும். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ புதிதாக யாராவது பக்கத்தில் வந்திருந்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் இல்லை என்பேன். இப்போது, "ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை" என்கிறேன்.

"எங்கை இருக்கிறா?"

"பதுளைப் பக்கம். தாயோடை இருக்கிறா."