எம்.டி.க்கு லீவு கொடுக்காத செல்லம்மா

எங்கள் கம்பெனி எர்ணாவூரில் இருக்கிறது. அடிபட்டு வரும் கன்டெய்னர்களைத் தட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்புவோம். மொத்தம் இருநூற்று நாற்பது பேர். நான் லூயிஸ், ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். இந்தக் கதையில் எனக்கு வேலை அதிகமில்லை, பயந்தது மட்டும்தான்.

கதை செல்லம்மாவுடையது. வயது நாற்பத்திரண்டு, வீடு திருவொற்றியூர் குப்பம், புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் திறப்பதற்கு முந்தின வாரம், சிமென்ட் தூசியைக் கூட்டிக் கழுவ ஆள் தேவைப்பட்டது. அப்படி முதலில் சேர்ந்தவள் அவள்தான். அதனால் கம்பெனி ரிஜிஸ்டரில் அவள் எண் ஒன்று. அன்றிலிருந்து ஆபீஸுக்கு டீ அவள் கையால்தான்.

போன வருஷம் அவளுக்குப் பத்தாவது பாஸ் பண்ணும் ஆசை வந்தது. தனித்தேர்வு எழுதி நாலு பாடத்தைத் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. இது என்னைத் தவிர ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. "சிரிப்பானுங்க லூயிசண்ணே" என்பாள்.

இந்த ஜனவரியில் சம்பளம், வருகை, லீவு எல்லாவற்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர் வந்தது. லீவு வேண்டுமென்றால் போனில் போட வேண்டும், நமக்கு மேலே இருப்பவர் போனில் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் வராவிட்டால் மெமோ தானாக வரும். மூன்றாவது மெமோவுக்குச் சீட்டு கிழியும். செல்லம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தது. "இது எனக்கும் சேர்த்துத்தான்" என்று எம்.டி. பாஸ்கர் மீட்டிங்கில் சொன்னார். ஊருக்கு உபதேசம் என்று நினைத்தேன். மனுஷன் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்.

சிக்கலைச் செய்தவர் எச்.ஆர். மேனேஜர் அருள்நாதன். எல்லோருக்கும் 'மேலதிகாரி எண்' நிரப்ப வேண்டும், காலியாக விட்டால் சாஃப்ட்வேர் நகராது. எம்.டி.க்கு மேலே யாரைப் போடுவது? எண் ஒன்று எம்.டி.யுடையதாகத்தான் இருக்கும், அவருக்கு அவரே மேல் என்று முடிவுகட்டி 'ஒன்று' என்று அடித்துவிட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்க அவருக்கு முதுகு வளையவில்லை.

கணக்குப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை. மூன்று வாரம் முன்பே செல்லம்மா லீவு போட்டாள். 'சொந்த வேலை' என்று காரணம் எழுதினாள். அவளுக்கு மேலே இருந்த அருள்நாதன் நிராகரித்தார்: 'அன்று ஆடிட். அனைவரும் பணியில் இருத்தல் அவசியம்.' டீ போடுகிறவள் இல்லாவிட்டால் ஆடிட் நின்றுவிடுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டோர்ஸுக்குள் ஓடி வந்தாள்.

"இன்னாண்ணே இது? எம்.டி. லீவு நம்ப போனுக்கு வந்துகீது!"

வாங்கிப் பார்த்தேன். பாஸ்கர், வியாழக்கிழமை, ஒரு நாள், மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கீழே இரண்டு பொத்தான்: 'ஒப்புதல்', 'நிராகரி'.

"ஒப்புதல் குடுத்துட்டுப் போயிடு. நமக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

"அதே ஆடிட்டுதானே அவருக்கும்?" என்றாள். தனக்கு வந்த பதிலை எழுத்து மாறாமல் அதில் ஒட்டி, 'நிராகரி'யை அழுத்திவிட்டாள்.

அது டீ நேரம், நானும் ஆபீஸுக்குப் போயிருந்தேன். பத்து நிமிஷத்தில் எம்.டி. அறையை விட்டு வெளியே வந்தார், பின்னாலேயே அருள்நாதன்.

"யாருய்யா இந்தச் செல்லம்மா? எனக்கு லீவு இல்லைங்கறதுக்கு?"

கத்திக்கொண்டே எதிரில் நீட்டிய தட்டிலிருந்து டீயை எடுத்துக் குடித்தார். தட்டைப் பிடித்திருந்தவள் சொன்னாள்: "நாந்தான் சார்."

ஒன்பது வருஷமாக அவள் போட்ட டீ. கூப்பிட்டதெல்லாம் 'யம்மா' என்றுதான். பெயர் என்ன என்று மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"ஏன் வேண்டாம்னு போட்டீங்க?" குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கு ஆடிட்டு சார். எனக்கும் அன்னிக்குத்தான் பரீட்சை, பத்தாவது கணக்கு. லீவு கேட்டேன், எல்லாரும் இருக்கணும்னு எச்.ஆர். சார் சொல்லிட்டாரு. டீ போடறவளே இல்லாம ஆடிட்டு நடக்காதுன்னா, ஓனரு இல்லாம எப்டி சார் நடக்கும்?"

ஆபீஸே கேட்டது. அவள் பயந்த மாதிரி ஒருவரும் சிரிக்கவில்லை. அருள்நாதன் தரையில் எதையோ தேடினார்.

"இவங்க லீவை இப்பவே பாஸ் பண்ணுங்க" என்றார் எம்.டி. பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்படியே என்னோடதையும் பண்ணிடுங்கம்மா."

"ஒங்களுது முடியாது சார். ரெண்டு பேரும் போயிட்டா ஆடிட்டை யாரு பாக்கறது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி செல்லம்மா.

வியாழக்கிழமை எம்.டி. ஆடிட்டர்களோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மச்சினன் வீட்டுக்குச் சம்சாரம் மட்டும் போனதாகக் கேள்வி. டீ போட ஆளில்லாமல் அருள்நாதனே அடுப்பைப் பற்றவைத்தார்.

மதியம் இரண்டு மணிக்குச் செல்லம்மா வந்தாள். நல்ல புடவை, கையில் மடித்த கேள்வித்தாள். எம்.டி. நிஜமாகவே வந்தாரா என்று பார்க்க வந்தாளாம்! கண்ணாடி வழியாக அவளைப் பார்த்ததும் எம்.டி. எழுந்து வெளியே வந்தார்.

"எப்படி எழுதினீங்க செல்லம்மா?"

"பாஸாயிடும் சார்."

அருள்நாதன் நிம்மதியாக மூச்சுவிட்டு டீத்தட்டை அவளிடம் நீட்டினார். அவள் கை நீளவில்லை. விருந்தாளிகள் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை.

"இன்னிக்கு நான் லீவு சார். எனக்கும் ஒரு டீ குடுங்க."

அருள்நாதன் எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. வேறெங்கோ பார்த்தார். டீ வந்தது. சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல் முழுசையும் குடித்தாள்.