சிவப்புக் காரின் நியாய விலை

பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுவது என் பிழைப்பு. பாங்கிக்காரர்கள் கடன் கொடுக்கும் முன் என்னை அனுப்புவார்கள். நான் குனிந்து பார்த்து, தட்டிப் பார்த்து, ஒரு தாளில் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பெண்பிள்ளை காரைப் பற்றி என்ன கண்டாள் என்று முகம் சுளிக்கிறவர்களிடம், ஒன்பது வயதிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை முடித்தவள் நான் என்று சொல்வேன். சிரித்துவிடுவார்கள். அந்தக் கதையில் முதல் பாதியை மட்டும்தான் நான் யாரிடமும் சொல்வது.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ரேக்ளா வண்டி ஓட்டிப் பரிசு வாங்கியவர். அவருடைய பந்தயக் காளைகளுக்கு வயதாகி, அவை தொழுவத்தில் அசை போட ஆரம்பித்ததும் மாமாவுக்கு ஊரில் எதைப் பார்த்தாலும் மெதுவாகப் போவதாகப் பட்டது. வீட்டுக்கு ஒரு கார் வாங்கலாம் என்று அப்பா சொன்னபோது, குடும்பத்தோடு போகிற காரை மாமா திரும்பியும் பார்க்கவில்லை. மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார், இரண்டே கதவு, மடக்கிவிடுகிற துணிக்கூரை, சிவப்பு நிறம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

கோயம்புத்தூரில் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் போனில் மணிக்கணக்காகப் பேசினார். அந்த மாதிரி கார் நல்ல நிலையில் இருந்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகும். அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். என்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம் டயர், பெயிண்ட், மேல்துணிக்கு ஆகிற செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கழித்துக் கூட்டி, இரண்டரை என்று மாமா ஒரு முடிவுக்கு வந்தார்.

"ரெண்டரை சொன்னா வாயத் தொறக்காமக் குடுத்துப் போடோணும். அது நாயமான வெலை. அதுக்கு மேல கேட்டாத்தான் பேச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ரெண்டு பேரு உக்கார்ற காருக்கு ரெண்டரையா? அந்த இன்னொருத்தி யாருன்னு மொதல்ல பாருடா" என்றாள் அம்மா. மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. அந்த இன்னொரு இருக்கைக்கு ஆள் வரும் வரை நான் போதும் என்று என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு மே மாத விடுமுறை.

பஸ்ஸில் போகும்போது என் கையில் ஒரு வேலையும் கொடுத்தார். பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். பெயிண்ட் கீறாமல் இருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தார். காரின் உடம்பெல்லாம் அதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் மாமா சொல்கிற விலைக்கு மறுபேச்சு கிடையாது. சந்தையில் குறை சொல்வது மரியாதை மாதிரி. வாங்குகிறவன் கொம்பைப் பழிப்பான், சுழியைப் பழிப்பான். விற்கிறவன் சத்தியம் செய்வான், கோபித்துக்கொண்டு போவான், திரும்பி வருவான். அதற்குள் விலை தானாக வந்து நடுவில் நிற்கும்.

"பொருளப் பாதி பாரு, விக்கறவனப் பாதி பாரு அம்மிணி. அவனுக்கு என்ன அவசரம்னு தெரிஞ்சா வெலை தெரிஞ்ச மாதிரி" என்றார் மாமா. ஆனால் அதற்கும் ஒரு விலக்கு வைத்திருந்தார். "காடு வாங்கறதுக்கும் கல்யாணத்துக்கும் மாட்ட விக்கறவங்கிட்ட மட்டும் அடிச்சுப் பேசக் கூடாது. அந்தப் பாவம் ஏழு உழவு உழுதாலும் போகாது." காடு என்று எங்கள் பக்கம் சொல்வது உழுகிற நிலத்தை.

எஸ்டேட்டில் லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கார் நின்றது. லயம் என்பது தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுத்த வீடுகளின் வரிசை. வேலை இருக்கும் வரை குடியிருக்கலாம். காருக்குச் சொந்தக்காரர் தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். மானேஜராக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, பதினைந்து வருடம் காரைப் பார்த்துக்கொண்டதற்காக அதை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டார்ட் செய்து, துடைத்து, திரும்பவும் போர்த்தி வைப்பாராம். விலை இரண்டரை என்றார்.

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உடனே மறைந்தது. சந்தை வழக்கம் விடுமா? குறை சொல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மேல்துணி கிழிஞ்சு கெடக்குதுங்களே?"

"ஆமாய்யா. போன மழைக்குக் கிழிஞ்சது. இந்தப் பக்கமும் ஒழுகும், பாத்துக்கிடுங்க."

நான் காந்தத்தை எடுப்பதற்குள், பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் இடத்தில் பட்டி இருக்கிறது என்று அவரே தொட்டுக் காட்டினார். வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. மாமா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, புகை கொஞ்சம் நீலமாக வருகிறதே என்றார். காலையில் முதல் தடவை அப்படித்தான் வரும், ஆயில் குடிக்கிறது என்று மெக்கானிக் ஒத்துக்கொண்டார். மாமா விட்டுவிட்ட இரண்டு குறைகளையும் சேர்த்துச் சொன்னார். வாழ்நாள் முழுக்க எஸ்டேட் போட்ட சம்பளத்தை வாங்கி, எஸ்டேட் கடையில் போட்ட விலைக்கு அரிசி வாங்கியவர். பேரம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எதிராளி இல்லாமல் மல்யுத்தம் செய்கிறவரைப் போல மாமா நின்றார்.

அப்போதுதான் மெக்கானிக்கின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வா தாயி. குளிரு தாங்காது. சாயா குடிப்பியா?"

அடுப்படியில் உட்கார வைத்துப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல்நுனி கறுத்துப்போன கை. வீடு பாதி காலியாக இருந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். நான் கேட்காமலேயே சொன்னார்:

"இந்த மாசக் கடசிக்குள்ள லயத்தக் காலி பண்ணணும் தாயி. அவுக ரிடையர் ஆயிட்டாகல்ல? வட்டவடையில எந்தம்பி வீட்டுப் பக்கம் நாலு சென்டு பாத்துருக்கோம். எடத்துக்காரன் ரெண்டரை சொல்லுதான். இந்தக் காரு போனா எங்களுக்கு வீடு."

அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, விரலால் கோடு போட்டுக் காட்டினார். இது அடுப்படி, இது முன்னறை, பின்னால் பிளம்ஸ் மரம் ஏற்கெனவே நிற்கிறது. "சன்னல எங்கிட்டு வைக்கலாம், நீ சொல்லு" என்றார். நான் யோசித்து, மரம் தெரிகிற பக்கமாக விரலை வைத்தேன். அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்தார். ஊருக்குப் போகும்போது பிளம்ஸ் தருகிறேன் என்று ஒரு துணியில் பழங்களை எடுத்து முடிந்து, எனக்குத் தெரியும்படி ஒரு சாக்கின் மேல் வைத்தார்.

நான் வெளியே வந்தபோது மாமா இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டரையையும் கொடுக்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தைக்குப் போன மாமா தோற்றுப்போய்த் திரும்புகிற மாதிரி எனக்குப் பதறியது. விற்கிறவனைப் பாதி பார் என்றாரே, அந்தப் பாதி என்னிடமல்லவா இருந்தது! ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னேன்: "மாமா, இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்க ஊட்டக் காலி பண்ணோணுமாமா."

அவ்வளவுதான் சொன்னேன். நாலு சென்டைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது ஒரு நிலம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு நெற்களமே அதைவிடப் பெரியது. காடு என்றால் ஏக்கர் கணக்கில் இருக்கும், வரப்பு இருக்கும், உழவு நடக்கும். சாம்பலில் என் இரண்டு கைக்குள் அடங்கிய அந்தக் கட்டத்தைக் காடு என்று எந்தக் கொல்லங்கோட்டுப் பிள்ளை நினைக்கும்?

மாமா ஜிப்பை மூடினார்.

"மாசக் கடைசில காலி பண்ணோணுமாமுங்களே. அதுக்குள்ள இந்த மலைக்கு வேற யாரு வர்றதுங்க? இன்னிக்கே ரொக்கம். ஒண்ணே முக்கால்."

சந்தையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பெரிய சத்தம் எழுந்திருக்கும். மெக்கானிக் வாசலைப் பார்த்தார். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அவர் கணவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மெக்கானிக், "சரிங்கய்யா. நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மாமா சொன்ன குறைகளையெல்லாம் அவர் உண்மையென்றே நம்பியிருந்தார். கார் அந்த விலைதான் பெறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா உள்ளே போய் அந்தத் துணி முடிச்சை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

கூரையை மடக்கிவிட்டு மலையிறங்கினோம். தேயிலை வாசம் முகத்தில் அடித்தது. மாமா ரேக்ளாவில் வாலை முறுக்குகிறவர் மாதிரி நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார். என்னைக் கெட்டிக்காரி என்றார், சந்தைக்கே கூட்டிப்போகலாம் என்றார். மறையூர் தாண்டியதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அந்தப் புது ஊட்டுல சன்னல் நாஞ் சொன்ன எடத்துலதான் வெப்பாங்களாமா மாமா."

"எந்தப் புது ஊட்டுல?"

வட்டவடையில் நாலு சென்ட் வாங்கப் போகிறார்கள் என்றேன். அதற்குத்தான் காரை விற்கிறார்கள் என்றேன். அதன் விலையும் ரெண்டரைதான் என்றேன். மாமா காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எடம் வாங்கறதுக்கா? ஏன் கண்ணு முன்னாலயே சொல்லல?"

"நாலு சென்டுதானுங் மாமா?" என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டது. சின்னார்க் காட்டுப் பாதையை இருட்டுமுன் கடந்தாக வேண்டும், பக்கத்தில் நான் வேறு. "அடுத்த வாரம் வந்து மிச்சத்தக் குடுத்துப் போடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் சத்தம் கொடுக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் காரைச் சுற்றி நின்று என்ன விலை என்று கேட்டார்கள். மாட்டை எட்டாயிரத்துக்கு வாங்கினால் ஆறு என்று சொல்கிற மனிதர், "ரெண்டரை" என்றார். எனக்குத் தாங்கவில்லை. என் சாமர்த்தியம் யாருக்கும் தெரியாமல் போகிறதே! "இல்ல, ஒண்ணே முக்கால்!" என்று கத்தினேன். மாமா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் உழவு வந்தது. அதற்கடுத்த வாரம் மழை. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு பையில் முக்கால் லட்சத்தை வைத்துக்கொண்டு மாமா மலைக்குப் போனார். காரை எடுக்காமல் பஸ்ஸில் போனது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் பையோடு திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வட்டவடையில் தம்பி வீட்டுப் பின்னால், பூண்டு காயவைக்கிற அறையில் இருக்கிறார்கள். அந்த நாலு சென்டை வேறு ஆள் வாங்கிக் கல் நட்டுவிட்டான். பணத்தை மெக்கானிக் தொடவில்லை. "பேசுன வெலை பேசுனதுதான்யா" என்றாராம். ஒருமுறை போட்ட விலையை மாற்றலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

மாமா அந்தக் காரை அதிகம் ஓட்டவில்லை. இரண்டாவது இருக்கைக்கு அத்தை வந்தபோது, அவளைக் கோயிலுக்கு வாடகைக் காரில் அழைத்துப் போனார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விலை பார்க்கப் போகிற இடத்தில் வீட்டுக்குள் கூப்பிட்டால் மட்டும் போவதில்லை, தண்ணீர்கூட வெளியிலேயே நின்று குடிப்பேன். தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பேன். இதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துத்தான் என்று எனக்கே தெரிகிறது. வருத்தம்தான், வேறொன்றுமில்லை.

ஒன்பது வயதில் அந்த வருத்தம் துளியும் இல்லை. மாசக் கடைசி என்று மாமா உரக்கச் சொன்னபோதே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அது யார் வாயிலிருந்து போனது என்று. தெரிந்த பிறகுதான் உள்ளே போய் அந்த முடிச்சை எடுத்து வந்தார். எனக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார், கொடுத்தார். நானோ, சின்னார் தாண்டி மாமா பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் முடிச்சை அவிழ்த்து, ஒன்றுவிடாமல் தின்று, கொட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் வீசிக்கொண்டே வந்தேன். மாமாவுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த வேலைக்குக் கிடைத்த கூலி அது என்று நினைத்தேன்.