மாட்டு மந்தையில் ஹார்ன் அடிக்காதவர்

பித்தளையில் வளைந்து வளைந்து இறங்கி, நுனியில் அகன்று விரிந்த ஹார்ன் அது. அதன் மறுமுனையில் ஒரு கைக்கு அடங்காத கறுப்பு ரப்பர்க் குமிழ். அதை ஒருமுறை அமுக்கினால், எங்கள் வாணிக நிலையத்தின் மாடியில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, எங்கள் முதலாளியான வெள்ளைக்காரத் துரையின் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது என்று தெரிந்துவிடும். மோட்டார் வண்டிகள் சிங்கப்பூருக்குப் புதியனவாயிருந்த காலம். வண்டியைக் காட்டிலும் அந்த ஹார்னையே துரை பெருமையாகக் கருதினார். அதை அமுக்கும் உரிமை பெற்றிருந்தவரோ, அதைச் சிறிதும் மதிக்காதவர்: எங்கள் சாரதி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராக, சாரதிகளின் பேச்சில் ‘கிராணி’யாக, வந்திருந்த நான், கடிதக் கட்டுகளுடன் நாள்தோறும் அவரருகே முன்னிருக்கையில் அமர்ந்து சென்றேன்.

நண்பகலில் முதலாளிமார் உணவுக்குச் சென்றிருக்கும்போது, சாரதிகள் கடற்கரையோர மரநிழலில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கூடுவார்கள். அங்கே எவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது; யாருடைய வண்டியை ஓட்டுகிறாரோ, அவருடைய தொழிலே சாரதிக்கும் பெயர். வங்கி மேலாளரின் சாரதி ‘பேங்கு’. மருத்துவரின் சாரதி ‘டாக்டர்’. எங்கள் சாரதி மட்டும் விலக்கு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பல்லாண்டு மாட்டுவண்டி ஓட்டியவர் என்பதால் அவரை ‘மாட்டுக்காரர்’ என்றே அழைத்தார்கள். அதை அவர் மறுத்ததில்லை.

“எங்க வண்டி புக்கிட் தீமா மேட்டை ஒரே மூச்சுல ஏறும், தெரியுமா?” என்பார் பேங்கு.

“ஏறும்ணே. மழை பேஞ்சா எறங்குறப்ப எங்க நிக்கும்? நேரா கடல்லதானே?” என்பார் எங்கள் சாரதி. “வண்டிய வாங்குறப்ப எவ்வளவு வெரசா ஓடும்னு கேக்குறாங்க. எவ்வளவு தூரத்துல நிக்கும்னு ஒரு தொரையும் கேக்கல.”

“மாட்டுக்காரருக்கு நிக்கிற வண்டிதான் புடிக்கும். நின்ன எடத்துலயே புல்லப் போடலாமுல்ல!” என்று டாக்டர் சிரிப்பார்.

“போடலாம். ஒங்க தண்ணித் தொட்டியக் குத்துன எருமைக்கு மொதல்ல போடுங்க.”

அத்துடன் டாக்டரின் சிரிப்பு நின்றுவிடும். சில வாரங்களுக்கு முன், சிராங்கூன் சாலையில் எருமை மந்தை குறுக்கிட்டபோது அவர் ஹார்ன் அடித்தார். கன்றோடு வந்த தாயெருமை திரும்பி, இயந்திரச் சூட்டைத் தணிக்க வண்டியின் முன்னிருந்த தண்ணீர்த் தொட்டியில் கொம்பை இறக்கியது. பித்தளையும் தகரமுமாக அந்த வண்டி வீடு போய்ச் சேர்ந்ததை நகரமே பார்த்தது. ஹார்ன் அடித்தால் மனிதர் விலகுவர், மாடு திரும்பும் என்பது எங்கள் சாரதியின் முடிவான கருத்து.

அக்கருத்துக்குச் சோதனை வந்த மாலை எனக்கு மறக்கவில்லை. சீமையிலிருந்து வந்திருந்த விருந்தினரைத் துரை வண்டியில் ஏற்றி நகரைச் சுற்றிக் காட்டினார்; முன்னிருக்கையில் வழக்கம்போல் நானும் இருந்தேன். சிராங்கூன் சாலையில், கால்வாயில் புரண்டெழுந்த எருமைகள் சேறு சொட்டச் சாலையை நிறைத்து வந்துகொண்டிருந்தன. மந்தையின் நடுவே ஒரு ரிக்‌ஷா சிக்கியிருந்தது. அதில் கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண். ரிக்‌ஷா இழுப்பவர் அசையாமல் நின்றார்.

“ஹார்ன் அடி!” என்றார் துரை. சாரதி வண்டியை நிறுத்தினார். துரை மும்முறை கூவினார். பிறகு பின்னிருக்கையிலிருந்து எழுந்து, தாமே ஹார்னை எட்டக் கை நீட்டினார். அக்கை வந்து சேருமுன் சாரதி ரப்பர்க் குமிழைத் திருகிக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இயந்திரத்தையும் அணைத்தார். இறங்கி, நாவை அண்ணத்தில் தட்டி மெல்லிய ஓசை எழுப்பியபடி எருமைகளின் ஓரமாக நடந்தார். மந்தை அவசரமின்றி இரண்டாகப் பிரிந்தது. ரிக்‌ஷா வெளியேறியது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. கடைவாசல்களில் நின்றவர்கள், எருமைக்கு வழிவிட்டுக் காத்திருந்த துரையைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். விருந்தினரும் சிரித்தார். துரையால் பொறுக்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான்.

மறுநாட்காலை அலுவலகத்தில் தீர்ப்பாயிற்று. விருந்தினர் முன் மன்னிப்புக் கேட்டு, அன்று மாலை அதே இடத்தில் ஹார்ன் அடித்துக் காட்ட வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. சாரதி பையிலிருந்து ரப்பர்க் குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது ஒங்களுது, தொரை. வச்சுக்கங்க,” என்றார். துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது.

விலக்கப்படும் சாரதிக்குப் பழைய முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும்; அக்கடிதமின்றி வேறெந்த வீட்டிலும் வண்டி கிடைக்காது. ‘கீழ்ப்படியாதவர்’ என்று ஒரே வரி எழுதும்படி துரை எனக்குக் கட்டளையிட்டார். மூன்று பிள்ளைகளின் தந்தைக்கு அந்த ஒரு சொல் போதும், மீண்டும் துறைமுகத்து மாட்டுவண்டிக்கே திரும்ப. அதை மென்மையாக்கி எழுதட்டுமா என்று சாரதியிடம் தனியே கேட்டேன்.

“வேணாம் கிராணி ஐயா. கீழ்ப்படியலங்கறது நெசந்தானே? எதுக்குக் கீழ்ப்படியலன்னும் சேத்து எழுதுங்க. அது போதும்.”

எழுதினேன்: ‘மாட்டு மந்தையின் நடுவே ஹார்ன் அடிக்கும்படி இட்ட கட்டளைக்கு இவர் கீழ்ப்படியாதவர்.’ துரை அதை இருமுறை படித்தார். “இப்படி ஒருவனை எவன் வைத்துக்கொள்வான்? மிக நன்று,” என்று கையெழுத்திட்டார்.

இரண்டு வீடுகள் அக்கடிதத்தைப் படித்து அவரைத் திருப்பி அனுப்பின. மரநிழலில் அதை அறிந்த நான் மனம் தாளாமல், வேறு கடிதம் எழுதித் துரையின் மேசையிலுள்ள தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

“அத மறச்சு வேல வாங்குனா அங்கயும் ஒருநா ‘ஹார்ன் அடி’ம்பான். நான் மறுபடியும் கழட்டணும். தெரிஞ்சு எடுக்குறவன் எடுக்கட்டும், ஐயா,” என்றார்.

“அதுவரைக்கும் பிள்ளைங்க என்னத்தத் திங்கும்?” என்று பேங்கு கேட்டார். சாரதி எழுந்தார். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு நடந்தார். சிராங்கூன் சாலையின் கோடியில், எருமைகள் நாள்தோறும் கடக்கும் இடத்தில், அன்னாசித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளியின் வீடு அது. அவர் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்: “மாடு போகும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்பாயா?” நிற்பேன் என்று இவர் சொல்ல, அன்றே வண்டியைக் கொடுத்தார். சாரதி தம் கண்பார்வை மங்கும்வரை அதே வீட்டில் ஓட்டினார்.

இன்று சிராங்கூன் சாலையில் எருமைகள் இல்லை. பேருந்தும் வாடகை வண்டியும் மனிதரின் முதுகுக்குப் பின்னே வந்து ஹார்ன் அடிக்கின்றன. அடிப்பதே திறமை என்று இளஞ்சாரதிகள் என்னிடம் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். துரைக்காக நான் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் பெரும்பாலானவற்றை இன்று கிழித்தெறிவேன். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன், ‘கீழ்ப்படியாதவர்’ என்பது உட்பட.